சபை நிறைவதும் சபையார் வளர்வதும்: மலைச் சபைகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

எங்கள் சபையின் ஆண்டறிக்கையை நான் ஏழு வருஷம் வாசித்திருக்கிறேன். செயலாளர் என்ற முறையில் அது என் வேலை. "நமது சபையில் 180 குடும்பங்கள் உள்ளன" என்று தொடங்கும். வருஷா வருஷம் அந்த எண் இரண்டோ மூன்றோ கூடும், ஒருமுறைகூடக் குறைந்ததில்லை. ஒரு வருஷம் வாசித்து முடித்ததும் பின் பெஞ்சிலிருந்து ஒரு பாட்டி எழுந்தார். "தம்பி, அந்த 180-ல என் மவன் வீடும் சேத்தியா?" என்று கேட்டார். சேர்த்திதான். மகன் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது. "அவன் அங்க கோயிலுக்குப் போறானா இல்லையான்னு உங்க நோட்டுல இருக்கா?" என்று அடுத்த கேள்வி. இல்லை. பாட்டி சண்டைக்குக் கேட்கவில்லை. மகன் போனில் சரியாகப் பதில் சொல்வதில்லை, சபைக்காவது தெரிந்திருக்கும் என்று நினைத்துக் கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பிறகு நாங்கள் செய்ததும் செய்யத் தவறியதும்தான் இந்த வழிகாட்டி. எங்கள் சபை கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் இடையில் இருக்கிறது. தென்னிந்தியத் திருச்சபை. 1964-ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து திரும்பியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் லைன் வீடுகளில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இருக்கிறார்கள். ஹட்டி என்கிற படுகர் ஊரிலிருந்து சில படுகக் குடும்பங்கள், ஃபேக்டரி ஸ்டாஃப், வாத்தியார் வீடுகள், கேரளத்திலிருந்து வந்து தங்கிவிட்ட இரண்டு மூன்று வீடுகள். பெந்தெகொஸ்தே சபையோ கத்தோலிக்கப் பங்கோ ஆனாலும் வார்த்தைகள்தான் மாறும், வேலை பெரும்பாலும் இதுதான்.

ஆரம்பிக்கும் முன் ஒரு விஷயம். இந்தப் பேச்சை எடுத்தாலே கமிட்டி இரண்டாகப் பிரியும். ஒரு பக்கம், "ஆத்துமாக்கள் வரணும், ஹால் நிறையணும், அதுதான் எழுப்புதல்" என்பார்கள். மறுபக்கம், "பயப்படாதே சிறுமந்தையே" என்ற வசனத்தை எடுத்து வைத்துக்கொண்டு, எண்ணுவதே மாம்சம், அதாவது உலகப் புத்தி, என்பார்கள். முதல் ஆள் கூட்டம் சேர்ந்த பிறகு அவர்களோடு உட்கார வேண்டிய வேலையிலிருந்து தப்பிக்கிறார். இரண்டாம் ஆள் வெளியே போய்க் கதவு தட்ட வேண்டிய வேலையிலிருந்து தப்பிக்கிறார். அப்போஸ்தலர் நடபடிகள் எண்ணத் தயங்கவில்லை: இரண்டாம் அதிகாரத்தில் ஏறக்குறைய 3000 பேர், நான்காம் அதிகாரத்தில் 5000 ஆண்கள். ஆனால் 3000 என்று சொன்ன அடுத்த வசனத்திலேயே அவர்கள் என்ன செய்தார்கள் என்று சொல்லிவிடுகிறது: உபதேசம், அந்நியோந்நியம், அப்பம் பிட்குதல், ஜெபம். ஆறாம் அதிகாரத்தில் தொகை பெருகியதும் முதலில் வந்தது சாட்சி அல்ல, புகார். கிரேக்க மொழி பேசிய விதவைகளுக்கு அன்றாடச் சாப்பாட்டு விசாரணையில் பங்கு கிடைக்கவில்லை. ஏழு பேரை நியமித்து அதைச் சரிசெய்த பிறகு, சீஷருடைய தொகை மிகவும் பெருகிற்று என்று அதே அதிகாரம் சொல்கிறது. பெருக்கமும் பராமரிப்பும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் போகிற படிகளாக அங்கே இருக்கின்றன.

லூக்கா 15-இல் நூறு ஆட்டுக்காரர் ஒன்றைத் தேடிப் போனதைப் பற்றி நிறையப் பிரசங்கம் கேட்டிருப்பீர்கள். அவர் எண்ணியதால்தான் ஒன்று குறைந்தது தெரிந்தது. எண்ணுங்கள். ஆனால் பெயர் சொல்லி எண்ணுங்கள்.

முதல் படி: பதிவேட்டின் ஈரத்தைக் கழியுங்கள்

பச்சைத் தேயிலை விற்றவர்களுக்குத் தெரியும். மழை நாளில் மூட்டை கனக்கும். ஏஜென்ட் தராசில் வைத்ததும் சாக்கு எடையைக் கழிப்பார், ஈரத்துக்கென்று இன்னும் கொஞ்சம் கழிப்பார். நாம் முணுமுணுப்போம், ஆனால் ஃபேக்டரியில் தண்ணீரைத் தூளாக்க முடியாது என்பது நமக்கும் தெரியும். அறுப்பின் பண்டிகைக் கூட்டம் ஈர இலை. கிறிஸ்துமஸ் ஆராதனைக் கூட்டமும் அப்படித்தான். அசனம் என்கிற சபை விருந்துக்குப் போட்ட வாழையிலைக் கணக்கை வைத்துச் சபையை அளக்காதீர்கள்.

புது நோட்டு ஒன்று வாங்குங்கள். பழைய பதிவேட்டிலிருந்து பெயர்களைக் குடும்பமாக அல்ல, ஆளாக எழுதுங்கள். "குடும்பம்" என்ற அலகுதான் நம் பெரிய ஏமாற்று. அம்மா மட்டும் வருவார். அப்பா, இரண்டு பையன்கள், மருமகள் எல்லோரும் அந்த ஒரு குடும்பத்துக்குள் ஒளிந்துகொள்வார்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே நான்கில் ஒன்றைக் குறியுங்கள்: இங்கே இருக்கிறார், வருகிறார்; இங்கே இருக்கிறார், ஆனால் வருவதில்லை; மலையிறங்கிக் கீழே போய்விட்டார்; எங்கே என்று தெரியவில்லை.

இதை அலுவலகத்தில் உட்கார்ந்து செய்ய முடியாது. இரண்டிரண்டு பேராகத் தெருத்தெருவாக நடக்க வேண்டும். எங்களுக்கு இரண்டரை மாதம் ஆனது. போகிறவர்கள் சந்தா நோட்டைக் கொண்டுபோகக் கூடாது. இதை நாங்கள் கடினமாகக் கற்றுக்கொண்டோம். முதல் வாரம் ஒரு வீட்டில் எங்களைப் பார்த்ததும் அந்த அம்மா உள்ளே போய் 200 ரூபாயோடு வந்தார். கோயிலிலிருந்து ஆள் வந்தால் பணம் கேட்கத்தான் என்று அவருக்குப் பழகியிருந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

கசப்பான இன்னொன்று. பதிவேடு ஏன் கொழுத்துக்கொண்டே போகிறது என்று நேர்மையாகப் பாருங்கள். சபைத் தேர்தல் வருஷத்தில் பெயர்கள் சேரும். யாரோ ஒருவர் பத்து வீட்டுச் சந்தாவைத் தானே கட்டுவார். அந்தப் பத்து வீடும் வாக்குச் சீட்டாக நோட்டில் இருக்கும், ஆராதனையில் இருக்காது. இந்தப் பெயர்களை நீக்கும்போது உங்களுக்கு எதிரிகள் உண்டாவார்கள். போதகர் ஐயாவிடமும் கமிட்டியிடமும் முன்கூட்டியே சம்மதம் வாங்கிவிட்டு இறங்குங்கள். எங்கள் 180 குடும்பம், வேலை முடிந்தபோது 118 ஆக நின்றது.

இரண்டாம் படி: வந்தவர்கள் எங்கிருந்து வந்தார்கள்?

டொனால்ட் மெக்காவ்ரன் என்ற பெயரை வேதாகமக் கல்லூரியில் படித்தவர்கள் கேட்டிருப்பார்கள். 1897-இல் மத்திய இந்தியாவின் தமோவில் மிஷனரி குடும்பத்தில் பிறந்தவர். வருஷக்கணக்கில் உழைத்தும் சில இடங்களில் சபை வளராமலும் வேறு சில இடங்களில் வேகமாக வளர்வதுமாக இருப்பது ஏன் என்று இந்தியாவிலேயே கேட்கத் தொடங்கி, பின்னால் அமெரிக்காவில் "சபை வளர்ச்சி" என்ற துறையையே உண்டாக்கினார். அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று, ஜாக்கிரதையாக இருக்க வேண்டியது ஒன்று.

எடுத்துக்கொள்ள வேண்டியது, வளர்ச்சியைப் பிரித்துப் பார்ப்பது. சபையார் வீட்டில் பிள்ளை பிறந்து சேர்வது ஒரு வகை. இன்னொரு சபையிலிருந்து வருவது ஒரு வகை. விசுவாசத்துக்கே புதிதாக வருவது மற்றொன்று. உங்கள் மூன்று வருஷக் கணக்கை இப்படிப் பிரித்தால் முகம் மாறும். எங்கள் "வளர்ச்சி"யில் பாதிக்குமேல் பிறப்பும் கல்யாணமும். மிச்சத்தில் பெரும்பகுதி, பக்கத்துச் சபையில் மனஸ்தாபம் வந்து இங்கே நகர்ந்தவர்கள். நம் ஆட்கள் அங்கே போனால் ஆடு திருடுகிறார்கள் என்போம். அங்கிருந்து இங்கே வந்தால் கர்த்தர் சேர்த்தார் என்போம். இப்படி வருகிறவர்களை அவர்களுடைய பழைய போதகரிடம் ஒரு போன் பேசாமல் சேர்க்காதீர்கள். கோபத்தோடு வந்தவர் அந்தக் கோபத்தையும் மூட்டையில் கட்டித்தான் கொண்டுவருகிறார்.

ஜாக்கிரதையாக இருக்க வேண்டியது, தன் இனம், தன் மொழி என்ற வேலியைத் தாண்ட வேண்டியிராதபோது மக்கள் எளிதாகக் கிறிஸ்தவர்களாகிறார்கள் என்ற அவருடைய கொள்கை. நடைமுறையில் அது ஓரளவு உண்மை. படுகு மொழியில் ஜெபம் நடந்தால் ஹட்டியிலிருந்து ஆள் வருவார். லைன் வீட்டில் கூட்டம் நடந்தால் லைன் வீட்டார் கூச்சமில்லாமல் உட்காருவார்கள். ஆனால் அதோடு நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை எங்கள் கோயிலின் பெஞ்சுகளே சொல்லும். ஸ்டாஃப் வீட்டார் இடது பக்கம் முன்னால், லைன் வீட்டார் வலது பக்கம் பின்னால். யாரும் எழுதி வைக்கவில்லை. புதிதாக வருகிறவர்கூட இரண்டாம் வாரத்தில் தன் இடம் எது என்று கண்டுபிடித்துவிடுவார்.

நாங்கள் வைத்த விதி இது: வாரக் கூட்டம் அவரவர் மொழியில், அவரவர் தெருவில் நடக்கட்டும். திருவிருந்துக்கு வரும்போது வரிசை கலக்க வேண்டும். உதவியாளர்கள் பெஞ்ச் வாரியாக அழைப்பதை நிறுத்திவிட்டு, வயதானவர்களை முதலில், பிறகு பிள்ளைக்காரர்களை, பிறகு மற்றவர்களை அழைக்கச் சொன்னோம். சின்ன மாற்றம்தான். அதற்கு வந்த எதிர்ப்பைப் பார்த்துத்தான் எங்கள் ஆவிக்குரிய நிலை எனக்கு முதல்முறையாகத் தெளிவாகத் தெரிந்தது.

மூன்றாம் படி: ஆள் வளர்ந்தாரா என்று எப்படித் தெரியும்?

வருகைப்பதிவு இதைச் சொல்லாது. அமெரிக்காவில் சிகாகோ அருகே வில்லோ கிரீக் என்ற பிரம்மாண்டமான சபை தன் மக்களிடமே ஆய்வு நடத்தி 2007-இல் முடிவை வெளியிட்டது. கூட்டங்களிலும் நிகழ்ச்சிகளிலும் அதிகம் கலந்துகொள்கிறவர் தேவனிடத்திலும் மனிதரிடத்திலும் அன்பில் வளர்கிறார் என்றுதான் அதுவரை அவர்கள் நம்பியிருந்தார்கள். ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. தாங்களாகவே வேதம் வாசிக்க, தாங்களாகவே ஜெபிக்க மக்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும் என்று அந்தச் சபைத் தலைமையே ஒப்புக்கொண்டது. உலகம் முழுக்கச் சபைகள் நகலெடுத்த சபை அது. ஒப்புக்கொண்ட துணிச்சலை நான் மதிக்கிறேன்.

நம்மூர் உதாரணம் வேண்டுமா? எங்கள் சபையில் ஒருவர் ஞாயிறு ஆராதனை, புதன் வேதபாடம், வெள்ளி உபவாச ஜெபம் எதையும் விட்டதில்லை. கூடப் பிறந்த தம்பியோடு ஒன்பது வருஷமாகப் பேச்சில்லை. அரை ஏக்கர் தேயிலையின் எல்லைக் கல் பிரச்சினை. இரண்டு பேரும் ஒரே வரிசையில் முழங்கால் போட்டுத் திருவிருந்து வாங்குவார்கள், நடுவில் யாரையாவது விட்டு.

அதனால் எண்ணாமல், கேளுங்கள். போதகரோ குழுத் தலைவரோ வருஷத்துக்கு இரண்டு முறை ஒவ்வொருவரோடும் உட்கார்ந்து பேசும்போது மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய கேள்விகள் எங்களிடம் ஐந்து இருந்தன. வேதத்தை யாரும் சொல்லாமல் தானாக எடுத்து வாசிக்கிறாரா? துக்க வீட்டில், போதகர் வருமுன், வாய் திறந்து ஒரு ஜெபம் செய்ய முடிகிறதா? யாரோடாவது ஒப்புரவாக வேண்டியிருக்கிறதா, அதற்கு ஓர் அடியாவது வைத்தாரா? கடன், குடி, சீட்டுப் பணம் போன்ற வெட்கமான விஷயத்தை ஒருவரிடமாவது சொல்ல முடிகிறதா? இன்னொரு ஆளை, பெயர் சொல்லக்கூடிய ஒருவரை, தாங்கிக்கொண்டிருக்கிறாரா?

ஐந்தாவது கேள்விதான் என் கணக்கில் முக்கியம். எபிரெயர் நிருபம் ஐந்தாம் அதிகாரத்தில், காலத்தைப் பார்த்தால் போதகராயிருக்க வேண்டியவர்கள் இன்னும் பால் குடிக்கிறார்கள் என்று ஒரு கண்டிப்பு வருகிறதே, அது இதைத்தான் தொடுகிறது. வளர்ந்தவருக்கு அடையாளம், அடுத்தவருக்கு ஊட்ட ஆரம்பிப்பது.

இந்தக் கேள்விகளுக்கு மதிப்பெண் போடாதீர்கள். தாளில் அச்சடித்துக் கொடுக்காதீர்கள். நாங்கள் ஒருமுறை அச்சடித்தோம், எல்லோரும் பரிசுத்தவான்களாகிவிட்டார்கள்.

நான்காம் படி: பன்னிரண்டு பேர், ஒரு மணி நேரம்

கணக்கைப் பாருங்கள். 180 குடும்பம். போதகர் வாரத்துக்கு நான்கு வீடு சந்திக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கூடவே மூன்று கிளைச் சபைகள், கல்யாணம், அடக்கம், கமிட்டிக் கூட்டம். ஒரு சுற்று முடிய 45 வாரம். அதாவது ஒரு வீட்டுக்கு வருஷத்துக்கு ஒருமுறை. இன்னும் நாற்பது குடும்பம் சேர்ந்தால் அதுவும் கிடையாது. ஐயா சோம்பேறி என்பது உண்மையல்ல, வகுத்தல் கணக்கு. யாத்திராகமம் 18-இல் மோசேயின் மாமனார் எத்திரோ இதே கணக்கைத்தான் போட்டுக்காட்டி, பத்துப் பேருக்கு ஒரு தலைவர் வரை பிரிக்கச் சொன்னார்.

மெதடிஸ்டுகள் இதைக் கண்டுபிடித்த கதை எனக்குப் பிடித்தமானது. 1742-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் கூட்டத்தாருக்குக் கட்டடக் கடன் இருந்தது. அடைக்க ஒரு வழி சொன்னார்கள்: ஆளுக்கு வாரம் ஒரு பென்னி, பன்னிரண்டு பேருக்கு ஒருவர் போய் வசூலிப்பது. வசூலிக்கப் போனவர்கள் வீட்டு நிலையைப் பார்த்தார்கள். ஒருவன் குடித்திருக்கிறான், ஒரு வீட்டில் சண்டை என்று வந்து சொன்னார்கள். தான் இத்தனை நாள் தேடிக்கொண்டிருந்தது இதுதான் என்று வெஸ்லிக்குப் புரிந்தது. வசூல் ஏற்பாடு ஆத்தும விசாரிப்பாக மாறியது. எங்கள் சபையும் மாடி கட்டிக் கடன்பட்டது. நாங்களும் வீடு வீடாகப் போனோம். ரசீது கொடுத்துவிட்டு வந்துவிட்டோம்!

குழு அமைக்கும் முறை:

வீடுகள் நடக்கும் தூரத்தில் இருக்கட்டும். மலையில் வரைபடத்தில் பக்கத்து வீடு என்பது நூறு படிக்கட்டாக இருக்கலாம். முட்டிவலிக்காரர்களைக் கேட்டுவிட்டுப் பிரியுங்கள். சாயங்காலம் ஆறு மணிக்குத் தொடங்கி ஏழுக்கு முடியுங்கள். கொழுந்து எடுத்துவிட்டு வந்து முகம் கழுவ நேரம் வேண்டும். அதற்கு மேல் தாமதித்தால் திரும்பும் வழியில் காட்டெருமையோ கரடியோ நிற்கும். இங்கே அது வேடிக்கைப் பேச்சு இல்லை. டார்ச் இல்லாமல் யாரையும் அனுப்பாதீர்கள்.

ஒரு மணி நேரத்தில் பிரசங்கம் கூடாது. ஒரு கீர்த்தனை, முந்தின ஞாயிறு வாசித்த வேதபகுதியைத் திரும்ப ஒருமுறை, அப்புறம் ஒரே கேள்வி: "இந்த வாரம் உங்களுக்கு எப்படிப் போனது?" சுற்றி வரும்போது எல்லோரும் ஏதாவது சொல்வார்கள். முதல் இரண்டு மாதம் "கர்த்தர் கிருபையா நடத்தினார், ஸ்தோத்திரம்" என்ற ஒரே பதில் வரும். தலைவர் முதலில் தன் உண்மையைச் சொன்னால்தான் அந்தப் பூட்டு திறக்கும். எங்கள் குழுவில் திறந்தது நான்காம் மாதம். ஒரு டிரைவர், லோன் ஆப்பில் வாங்கிய கடனைப் பற்றிச் சொன்னார். மனைவிக்கே அன்றுதான் தெரியும். அந்த வாரம் பாட்டுப் பாடவில்லை.

டீ மட்டும். பலகாரம் வேண்டாம். இதைக் கடுமையாகப் பிடியுங்கள். ஒரு வீட்டில் வடை போட்டால் அடுத்த வீட்டில் கேசரி வரும், மூன்றாம் வாரம் வசதியில்லாத வீடு "இந்த வாரம் எங்க வீட்டுல தோதுப்படாது" என்று சொல்லிவிடும். அப்புறம் அந்த வீட்டார் வரவே மாட்டார்கள்.

குழுவில் கேட்டது குழுவிலேயே இருக்க வேண்டும். ஒருமுறை மீறினால் அந்தக் குழு செத்தது. எங்கள் ஏழு குழுக்களில் ஒன்று அப்படித்தான் போனது. திரும்ப எழுப்ப முடியவில்லை.

ஐந்தாம் படி: தலைவர்களை எங்கே தேடுவது?

கார் வைத்திருப்பவரிடமும் நன்றாகப் பேசுபவரிடமும் முதலில் போகாதீர்கள். ஊரில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் சொல்லாமலேயே கஞ்சி கொண்டுபோகிற ஆள் ஒருவர் இருப்பார். பெரும்பாலும் ஒரு பெண். பெரும்பாலும், "எனக்கு என்ன தெரியும் ஐயா, நான் அஞ்சாவதுதான்" என்பார். அவரிடமிருந்து ஆரம்பியுங்கள்.

மூன்று நாள் முகாம் வைத்துச் சான்றிதழ் கொடுப்பது பயிற்சி ஆகாது. புதுக் கொழுந்துக்காரிக்கு இரண்டு இலையும் மொட்டும் எது என்று யாரும் கரும்பலகையில் எழுதிக் காட்டுவதில்லை. பழகிய ஆள் பக்கத்து வரிசையில் நிற்பார். கை பார்த்துக் கை பழகும். அதுபோல, வருங்காலத் தலைவர் ஆறு மாதம் ஒரு குழுவில் பக்கத்தில் உட்காரட்டும், அடுத்த ஆறு மாதம் அவர் நடத்தப் பழையவர் பக்கத்தில் உட்காரட்டும். பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் ஒரே வசனத்தில் நான்கு தலைமுறை வருகிறது: பவுல், தீமோத்தேயு, உண்மையுள்ள மனுஷர், அவர்கள் போதிக்கப்போகும் மற்றவர்கள். எண்ணிக்கைப் பெருக்கத்தை அந்த வசனத்துக்குள்ளேயே பார்க்கலாம்.

போதகர்கள் சில வருஷத்துக்கு ஒருமுறை மாற்றலாவார்கள். ஏற்பாடு முழுவதும் அவர் தலையில் இருந்தால் லாரியில் அவர் சாமான் ஏறும்போது அதுவும் ஏறிப் போய்விடும். தலைவர்கள் மாதம் ஒருமுறை போதகரோடு கூடட்டும், ஆனால் அவர் இல்லாவிட்டாலும் கூடட்டும்.

ஆறாம் படி: புதிதாக வருகிறவரின் முதல் வருஷம்

இதில் நாம் அவசரப்படுகிறோம். ஆதிச்சபையில், மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் ஒரு சபை ஒழுங்கு நூல், ஞானஸ்நானத்துக்கு முன் மூன்று வருஷம் கற்கச் சொல்கிறது. ஆள் ஆர்வமாக இருந்தால் காலத்தைப் பார்க்காமல் நடத்தையைப் பார்க்கலாம் என்றும் சேர்க்கிறது. மூன்று வருஷம் வேண்டாம். ஒரு வருஷமாவது கொடுங்கள்.

முதல் வாரத்துக்குள் ஒரு வீட்டுக்காரர் போய்ப் பார்க்கட்டும், போதகர் அல்ல. போதகர் போனால் அது சடங்கு. பக்கத்து லைன்காரர் போனால் அது நட்பு. முதல் மாதத்துக்குள் ஒரு குழுவில் இடம். அதன்பின் கர்த்தருடைய ஜெபம், பத்துக் கற்பனை, விசுவாசப் பிரமாணம் மூன்றையும், மனப்பாடத்துக்காக மட்டும் இல்லாமல், வீட்டில் என்ன மாறும் என்று கேட்டுக் கேட்டுப் படிக்க வேண்டும். "எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்" என்ற வரிக்கே ஒரு மாதம் பிடிக்கும்.

திடப்படுத்தலுக்கு, அதாவது பேராயர் கைவைத்து ஜெபித்து முழு அங்கத்தினராக ஏற்கும் சடங்குக்கு, ஆயத்தமாகும் பிள்ளைகளுக்கும் இதையே செய்யுங்கள். பேராயர் வருகிறார் என்று ஆறு வாரத்தில் கேள்வி பதில் ஒப்பிக்க வைத்து, வெள்ளை உடுப்புப் போட்டுப் போட்டோ எடுத்தால், அடுத்த ஞாயிறு அந்தப் பெஞ்ச் காலி. நான் ஓய்வுநாள் பாடசாலையில் பதினைந்து வருஷம் இருந்தவன். அந்தக் காலி பெஞ்சில் என் பங்கும் உண்டு.

ஏழாம் படி: கூட்டங்கள்

கன்வென்ஷன், விபிஎஸ் என்கிற விடுமுறை வேதாகமப் பள்ளி, முழு இரவு ஜெபம். இவற்றை நிறுத்தச் சொல்லவில்லை. ஒரு விதி போதும்: பந்தலுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன், கூட்டம் முடிந்த மறுவாரம் வீடு வீடாகப் போகப்போகிற பத்துப் பேரின் பெயர் எழுதப்பட்டிருக்க வேண்டும். பெயர் கிடைக்கவில்லையா, இந்த வருஷம் கூட்டம் வேண்டாம். நாங்கள் ஒரு வருஷம் அப்படி விட்டோம். ஸ்பீக்கர் வாடகைக்காரரைத் தவிர யாரும் பெரிதாக வருத்தப்படவில்லை.

பிரசங்கத்தைப் பற்றி ஒரே யோசனை: வாரம் ஒரு தலைப்பு என்று தாவாமல், ஒரு சுவிசேஷத்தை முதலிலிருந்து கடைசிவரை வருஷம் முழுக்க எடுத்துப் போங்கள். குழுக்களுக்கும் அதுவே பாடமாகிவிடும்.

எட்டாம் படி: மலையிலிருந்து இறங்கியவர்கள்

இதைத்தான் மலைச் சபைகள் தனியாக யோசிக்க வேண்டும். தேயிலை விலை விழுந்த 1990-களின் கடைசியிலிருந்து பார்த்தால், எங்கள் பகுதியில் ஒரு தலைமுறையே கோயம்புத்தூருக்கும் திருப்பூருக்கும் இறங்கிவிட்டது. நீங்கள் எவ்வளவு நன்றாகச் செய்தாலும் நாற்காலிக் கணக்கு குறையலாம். அப்படிப்பட்ட இடத்தில் எண்ணிக்கையை மட்டும் பிடித்துக்கொண்டால் இரண்டு வழிதான்: மனம் உடைவது, அல்லது பொய்க் கணக்கு எழுதுவது. நாங்கள் இரண்டையும் செய்தோம்.

வேறு விதமாக எண்ணலாம். நம்மிடமிருந்து போனவர்களில் எத்தனை பேர் போன இடத்தில் ஒரு சபையில் வேர் பிடித்தார்கள்? இதற்கு வேலை இருக்கிறது. ஒருவர் இறங்கப்போகிறார் என்று தெரிந்ததுமே அவர் போகும் ஏரியாவில் உள்ள போதகரின் நம்பரை வாங்குங்கள். அறிமுகக் கடிதம் எழுதி அவர் கையில் கொடுங்கள். ஆராதனையில் முன்னால் அழைத்து ஜெபித்து அனுப்புங்கள். முதல் மூன்று மாதம் அவருடைய பழைய குழுத் தலைவர் வாரம் ஒருமுறை போன் செய்யட்டும். அதன்பின் பெயரை அந்தச் சபைக்கு மாற்றிவிடுங்கள். கல்லறைத் தோட்டத்தில் இடம் போய்விடுமோ என்று சிலர் பயப்படுவார்கள். அதற்கு ஓர் உறுதி கொடுங்கள், உண்மையிலேயே கொடுங்கள். இங்கே பலர் பெயரைப் பிடித்துக்கொண்டிருப்பது அதற்காகத்தான்.

பாட்டியின் மகனை நாங்கள் தாமதமாகத்தான் தேடினோம். நம்பர் மாறியிருந்தது. பிறகு கிடைத்தது. அவர் எந்தச் சபைக்கும் போகவில்லை. எங்கள் போனையும் முதலில் விரும்பவில்லை. இப்போது அவர் குடியிருக்கும் காம்பவுண்டில் எங்கள் மலையிலிருந்து போன இன்னும் நான்கு வீடுகள் இருப்பது தெரிந்து, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒருவர் இறங்கிப் போய் ஒரு சாயங்காலம் உட்கார்ந்துவிட்டு வருகிறோம். அவர் சில நேரம் வருகிறார், சில நேரம் ஓவர்டைம் என்கிறார்.

ஒன்பதாம் படி: புது ஆண்டறிக்கை

அறிக்கையின் முதல் பத்தியில் எண்ணிக்கை இருக்கட்டும், மறைக்க வேண்டாம். அதோடு இவற்றையும் வாசியுங்கள்: புதிதாக வந்தவர்கள் எந்த வழியில் வந்தார்கள், குழுக்கள் எத்தனை, இந்த வருஷம் புதிதாகத் தலைவரானவர்கள் எத்தனை பேர், இங்கேயே இருந்தும் வராதவர்களில் எத்தனை பேரைச் சந்தித்தோம், கீழே போனவர்களில் எத்தனை பேரை எந்தச் சபையிடம் ஒப்படைத்தோம். ஒப்புரவான சண்டைகளை வாசிக்காதீர்கள். எல்லைக் கல் அண்ணன் தம்பி விஷயம் ஓரளவு சரியானபோது அறிக்கையில் போடலாமே என்று ஒருவர் கேட்டார். போட்டிருந்தால் மறுபடி பேச்சு நின்றிருக்கும்.

எண்ணிக்கை குறைந்து வாசிக்கும் முதல் வருஷம் உட்கார்ந்திருப்பவர்கள் முகத்தைப் பார்க்காமல் வாசிப்பது நல்லது. நான் 118 என்று வாசித்ததும், "போன வருஷம் 180, இந்த வருஷம் 118, அப்ப 62 குடும்பத்தை யார் விரட்டினது?" என்று ஒரு குரல் வந்தது. ஐயா பதில் சொல்லவில்லை. நோட்டைத் திறந்து அந்த 62-ஐயும் பெயர் பெயராக, எங்கே இருக்கிறார்கள் என்பதோடு வாசிக்கச் சொன்னார். வாசிக்க இருபது நிமிஷம் ஆனது.

பொறுமைக்கு ஒரு பழைய கணக்கு. சுவிட்சர்லாந்தின் பாசல் மிஷன்காரர்கள் இந்த மலையில் 1846-இல் கேத்தியில் வேலையைத் தொடங்கினார்கள். மொழி கற்றார்கள், பள்ளி வைத்தார்கள், ஹட்டி ஹட்டியாக நடந்தார்கள். முதல் படுகர் ஞானஸ்நானம் பெற்றது 1858-இல். பன்னிரண்டு வருஷம். அந்தப் பன்னிரண்டு அறிக்கைகளில், எண்ணிக்கை எழுதும் கட்டத்தில் என்ன எழுதியிருப்பார்கள் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

எப்போது ஆரம்பிப்பது?

கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு மழை. ரோடு சரியும், யாரும் கதவு திறக்க மாட்டார்கள். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் அப்படித்தான். ஆகவே பொங்கல் முடிந்ததும் பதிவேட்டு நடையைத் தொடங்கி ஈஸ்டருக்குள் முடிப்பது வசதி. குழுக்களை ஈஸ்டர் கழிந்து இரண்டே இரண்டாக ஆரம்பியுங்கள். ஏழையும் ஒரே நாளில் தொடங்கி ரிப்பன் வெட்டாதீர்கள். நோட்டு கெட்டி அட்டை போட்டதாக, கோட்டுப் பைக்குள் போகும் அளவில் இருக்கட்டும், பனியில் நனையும். பேனா வேண்டாம், பென்சில் கொண்டுபோங்கள். ஆட்கள் நகர்ந்துகொண்டே இருப்பார்கள்.